யூலிசிஸா ஒடிசியூஸா? கிரேக்க வீரர்களோட பேர்கள் வந்த வழி

ஹெர்குலிஸ்ங்கிற பேர் நம்ம ஊர் சைக்கிள்ல கூட இருக்கு, ஆனா பழைய ஏதென்ஸ்ல போய் அந்தப் பேரைச் சொன்னா யாரைச் சொல்றோம்னு சட்டுன்னு புரிஞ்சிருக்காது, ஏன்னா அங்க அவர் பேர் ஹெராக்ளீஸ். யூலிசிஸ்னு நாம படிக்கிறவர் அங்க ஒடிசியூஸ், அஜாக்ஸ் அங்க ஐயாஸ், ஜேசன் அங்க இயாசோன். இது போதாதுன்னு டிராய் போரோட பெரிய வீரர் அகிலீஸைத் தமிழ்ல ஒரு புத்தகம் அக்கிலிஸ்ங்கும், இன்னொண்ணு அகில்லெஸ்ங்கும், வேற ஒண்ணு ஆக்கிலஸ்ங்கும். இதுல எது சரின்னு கேக்குறது நியாயமான கேள்விதான். ஆனா கொஞ்சம் தோண்டிப் பார்த்தா கிரேக்கர்களே இந்தப் பேர்களை ஒரே மாதிரி எழுதினதில்லன்னு தெரியவரும், ஊருக்கு ஒரு எழுத்துமுறை, ஊருக்கு ஒரு உச்சரிப்பு. ஒவ்வொரு ஸ்பெல்லிங்கும் அந்தப் பேர் யார் யார் வாய் வழியா வந்துச்சுன்னு சொல்ற சாட்சி, தப்புன்னு திருத்தி அழிச்சிட்டா அந்தச் சாட்சியும் சேர்ந்து போயிடும். எனக்கு இதுல முக்கியமாப் படுறது அதுதான்.

ஒடிசியூஸ்ல இருந்தே ஆரம்பிப்போம், ஏன்னா இவர் பேர்ல தான் சிக்கல் அதிகம். இத்தாலியில ஃபிளாரன்ஸ் தொல்லியல் மியூசியத்துல ஒரு பெரிய மண் ஜாடி இருக்கு, கண்டெடுத்த ஆளோட பேரால ஃபிரான்ஸ்வா ஜாடின்னு சொல்வாங்க. கி.மு. 570 வாக்குல ஏதென்ஸ்ல செஞ்சது, குயவர் எர்கோடிமோஸ், ஓவியர் க்ளெய்டியாஸ், ரெண்டு பேருமே கையெழுத்துப் போட்டிருக்காங்க. உயரம் 66 சென்டிமீட்டர், அதுக்குள்ள ஆறேழு கதை, நூத்துக்கும் மேல எழுத்துக் குறிப்புகள், மனுஷங்க பேரு மட்டும் இல்லாம அங்க இருக்குற நீரூற்று, தண்ணிக் குடம் இதுக்குக் கூட பக்கத்துல பேர் எழுதி வச்சிருக்காங்க. 1900-ல மியூசியம் காவலாளி ஒருத்தர் கோவத்துல ஸ்டூலைத் தூக்கி வீசி இதை 638 துண்டா உடைச்சிட்டாரு, அப்புறம் பொறுமையா உட்கார்ந்து ஒட்டினாங்க. இந்த ஜாடியோட கழுத்துப் பகுதியில டிராய் போர்ல பட்ரோக்ளோஸ்ங்கிற வீரன் இறந்ததுக்கு அப்புறம் நடந்த தேர்ப் பந்தயம் வரைஞ்சிருக்கு, தேரோட்டுற ஒருத்தர் பக்கத்துல இருக்குற பேர் ஒலிடியூஸ். அது வேற யாரும் இல்ல, ஒடிசியூஸ்தான். நடுவுல 'ட'வுக்குப் பதிலா 'ல', 'ச'வுக்குப் பதிலா 'ட'.

ஓவியர் தப்பா எழுதிட்டாருன்னு நினைச்சா, மத்த ஏதென்ஸ் ஜாடிகள்லயும் இதே 'ல' வருது, கொரிந்த் ஊர் ஜாடியில ஒலிசியூஸ்னு வருது. லத்தீன்ல யுலிக்ஸெஸ், அதுல இருந்து தான் யூலிசிஸ். அப்போ ரோமானியர்கள் ஒடிசியூஸை இஷ்டத்துக்குக் கெடுத்து யூலிசிஸ் ஆக்கலை, கிரேக்கத்துக்குள்ளயே 'ல' போட்டுச் சொன்ன மக்கள் இருந்திருக்காங்க, அந்த வடிவம் மேற்கு நோக்கி இத்தாலிக்குப் போயிருக்கு. இலியட், ஒடிஸி காவியங்களைப் பாடினவர்னு சொல்ற ஹோமர் பாட்டுல இருக்குற 'ட' வடிவம் காவியத்தோட செல்வாக்கால ஜெயிச்சிடுச்சு, அவ்வளவுதான். இப்படி 'ட'வும் 'ல'வும் மாறி மாறி வர்றதைப் பார்த்துட்டு மொழியியல்காரங்க நிறைய பேர் இந்தப் பேர் கிரேக்கமே கிடையாது, கிரேக்க மொழி பேசுறவங்க அந்த நிலத்துக்கு வர்றதுக்கு முன்னாடி அங்க இருந்தவங்களோட மொழியில இருந்து வந்ததுன்னு சொல்றாங்க. வெளியில இருந்து ஒரு ஒலி வந்து, அதுக்குச் சரியான எழுத்து இல்லாதப்போ ஒருத்தர் ஒரு மாதிரியும் இன்னொருத்தர் இன்னொரு மாதிரியும் தானே எழுதுவாங்க.

ஆனா ஹோமருக்கு அந்தக் கவலை கிடையாது, அவர் கிட்ட ஒரு கதையே இருக்கு. ஒடிஸியோட 19-ஆம் காண்டத்துல தாய்வழித் தாத்தா அவுடோலிகோஸ் பேரன் பொறந்ததைப் பார்க்க இதாகாவுக்கு வர்றாரு, செவிலித்தாய் யூரிக்ளியா குழந்தையைத் தூக்கி அவர் மடியில வச்சு நீங்களே பேர் வைங்கன்னு சொல்றா. தாத்தா பெரிய திருடர், சத்தியத்தை வச்சே ஆளை ஏமாத்துறவர். வர்ற வழியில எத்தனையோ பேரோட பகையைச் சம்பாதிச்சுக்கிட்டு வந்திருக்கேன், அதனால இவன் பேர் ஒடிசியூஸ்னு இருக்கட்டும்ங்கிறாரு. கிரேக்கத்துல 'ஒடிஸ்ஸோமாய்'னா கோவப்படுறது, வெறுக்குறது. வெறுக்குறவனா வெறுக்கப்படுறவனா, ரெண்டுக்கும் அந்த வினை இடம் குடுக்குது, அந்த மனுஷன் வாழ்க்கையும் அப்படித்தானே போகுது. முதல் காண்டத்துலயே அதீனா தேவி தெய்வங்களோட அரசன் ஜீயஸ் கிட்ட போய் ஏன் அவன் மேல இவ்வளவு கோவம்னு கேக்குற இடத்துல இதே வினையைத் தான் போட்டிருக்காங்க. மொழியியலா பார்த்தா இந்த விளக்கம் நிக்காதுன்னு வச்சுக்கிட்டாலும், கதைக்குள்ள இது தான் பேரோட அர்த்தம், கேட்டவங்க எல்லாரும் இப்படித்தான் கேட்டிருக்காங்க. பேர் எங்க இருந்து வந்துச்சுங்கிறது ஒரு கேள்வி, பேரை மக்கள் எப்படிப் புரிஞ்சுக்கிட்டாங்கங்கிறது இன்னொரு கேள்வி, ரெண்டையும் போட்டுக் குழப்பினா தான் சண்டை வருது.

ஹெராக்ளீஸ் பேர் மேலாப்புல பார்த்தா சுலபம். ஹேரா தேவியோட பேர், கூட 'க்ளேஒஸ்'னா புகழ், ஹேராவோட புகழ்னு அர்த்தம். ஆனா ஹேரா இவரைப் பொறந்ததுல இருந்தே கொல்லப் பார்த்த தெய்வம், தொட்டில்ல பாம்பு விட்டவ, அவ பேரை எப்படி இவருக்கு வச்சாங்கன்னு கிரேக்கர்களுக்கே உறுத்தியிருக்கு. அதுக்கு அவங்க சொன்ன பதில், இவருக்கு முதல்ல வச்ச பேர் வேற, தாத்தா அல்காயோஸ் பேரை ஒட்டி அல்கைடீஸ்னு கூப்பிட்டாங்க, அப்புறம் டெல்பியில அருள்வாக்கு சொல்ற பித்தியா தான் முதல் தடவையா ஹெராக்ளீஸ்னு கூப்பிட்டான்னு ஒரு கதை. ஹேரா குடுத்த கஷ்டத்தால தான் இவருக்குப் புகழ் வந்துச்சு, அதனால இந்தப் பேர்னு இன்னொரு விளக்கம். மொழியியல்ல ஒரு சின்ன உறுத்தல் உண்டு, ஹேரான்னு தனியா சொல்லும்போது கடைசி உயிர் நெடில், ஹெராக்ளீஸ்ல அது குறில், அதனால சிலர் இந்தப் பேருக்கும் தேவிக்கும் சம்பந்தம் இருக்கான்னே சந்தேகப்படுறாங்க. எனக்கு என்னமோ அந்த ஒரு குறிலை மட்டும் வச்சு ரெண்டையும் பிரிக்கிறது அதிகம்னு தோணுது.

ஸ்பெல்லிங் பக்கம் வந்தா இந்தப் பேர்ல ஒரு அருமையான விஷயம் இருக்கு. பழைய ஏதென்ஸ் ஜாடிகள்ல ஹெராக்ளீஸ் பேர் இங்கிலீஷ் ஹெச் மாதிரி இருக்குற எழுத்துல ஆரம்பிக்கும், அது அப்போ நிஜமாவே 'ஹ' ஒலி தான். கி.மு. 403-ல ஏதென்ஸ் நகரம் தன்னோட பழைய எழுத்துமுறையை விட்டுட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் கிரேக்கர்கள் வாழ்ந்த அயோனியாவோட எழுத்துமுறையை அரசு முறைப்படி ஏத்துக்கிச்சு. அயோனியாக்காரங்க 'ஹ'வைச் சொல்றதையே விட்டவங்க, அதனால சும்மா கிடந்த அந்த எழுத்தை நெடில் 'ஏ'வுக்கு வச்சுக்கிட்டாங்க, அது தான் எட்டா. அப்போ அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பேர் அதே எழுத்துல தான் ஆரம்பிக்குது, ஆனா முன்னாடி அது 'ஹ', பின்னாடி அது 'ஏ'. அப்போ 'ஹ' எங்க போச்சுன்னா எழுத்துல காணாமப் போயிடுச்சு, பல காலம் கழிச்சு அலெக்ஸாண்ட்ரியா அறிஞர்கள் எழுத்துக்கு மேல ஒரு சின்ன வளைவு போட்டு இங்க 'ஹ' இருக்குன்னு காட்டினாங்க, பேச்சுல அந்த ஒலியே செத்து நூத்தாண்டுகள் ஆன பிறகும் அந்த வளைவை விடாம எழுதிட்டே வந்து, 1982-ல தான் கிரீஸ் அரசு அதை எடுத்துச்சு. எட்டா இன்னைக்கு 'இ'ன்னு ஒலிக்குது, அதனால இப்போ கிரீஸ்ல இவர் பேர் இராக்ளிஸ், தெஸ்ஸலோனிகியில அந்தப் பேர்ல ஃபுட்பால் கிளப்பே இருக்கு, கிரீட் தீவோட பெரிய நகரம் இராக்ளியோ.

அந்த 'க்ளேஒஸ்'ஸை அப்படியே விட்டுட்டுப் போக முடியாது. பெரிக்ளீஸ், சோஃபோக்ளீஸ், தெமிஸ்டோக்ளீஸ் எல்லாத்துலயும் கடைசியில நிக்கிறது இதே புகழ் தான். அகிலீஸோட உயிர் நண்பன் பட்ரோக்ளோஸ், ஹோமர்ல சில இடத்துல பட்ரோக்ளேஸ்னும் வரும், அப்பாவோட புகழ்னு அர்த்தம். அதே ரெண்டு சொல்லை முன்ன பின்ன மாத்திப் போட்டா க்ளேஒபாட்ரா, அதாவது கிளியோபாட்ரா. எகிப்து ராணிக்கு ரொம்ப முன்னாடியே இந்தப் பேர் இருக்கு, இலியட் 9-ஆம் காண்டத்துல கோவிச்சுக்கிட்டு சண்டைக்குப் போகாம வீட்டுல படுத்திருக்குற மெலியாகர்ங்கிற வீரனை அவன் பொண்டாட்டி க்ளேஒபாட்ரா தான் கெஞ்சி எழுப்பி அனுப்புறா. இந்தக் கதையை யாருக்குச் சொல்றாங்கன்னா, அதே மாதிரி கோவிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்குற அகிலீஸுக்கு, கடைசியில அவரை எழுப்புறது பட்ரோக்ளோஸோட சாவு. பேரைத் திருப்பிப் போட்டு வச்சது தற்செயல்னு என்னால நம்ப முடியல.

இந்த 'க்ளேஒஸ்' நம்ம பக்கத்துக்கும் சொந்தம் தான். சமஸ்கிருதத்துல 'ச்ரவஸ்'னா புகழ், அதுவும் இதுவும் ஒரே வேர்ல இருந்து பிரிஞ்சது. மகாபாரதத்துல வர்ற பூரிசிரவஸ், ராவணனோட அப்பா விச்ரவஸ், இவங்க பேர்ல இருக்குறதும் ஹெராக்ளீஸ் பேர்ல இருக்குறதும் அண்ணன் தம்பி சொற்கள். ஹோமர்ல 'அழியாத புகழ்'னு ஒரு தொடர் வருது, ரிக் வேதத்துலயும் அதே வேர்ச் சொற்களால ஆன தொடர் வருது, இதை அடால்பர்ட் கூன்ங்கிற ஜெர்மன் அறிஞர் 1853-லயே கவனிச்சு எழுதினாரு. கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரே குடும்பங்கிறதால வர்ற ஒத்துமை இது, வேர் தெரிஞ்சா தான் சொல்லணும். பேர் காதுக்கு ஒரே மாதிரி இருக்குன்னு எதையும் எதோடயும் முடிச்சுப் போட்டா அது ஆராய்ச்சி ஆகாது.

இப்போ இன்னும் பின்னாடி போவோம். ஹோமருக்குப் பல நூத்தாண்டு முன்னாடி, மைசீனிய அரண்மனைக் காலத்துல, களிமண் பலகையில கணக்கு எழுதினாங்க, அந்த எழுத்துக்குப் பேர் லீனியர் பி. 1900-ல ஆர்தர் எவன்ஸ் கிரீட்ல நோசஸ் அரண்மனையைத் தோண்டும்போது கிடைச்சது, 1939-ல கார்ல் பிளேகன் பைலோஸ்ல இன்னும் நிறைய எடுத்தாரு, 1952-ல மைக்கேல் வென்ட்ரிஸ் அதைப் படிச்சு இது கிரேக்க மொழி தான்னு காட்டினாரு. அவர் தொழில்ல ஆர்க்கிடெக்ட். அதுல வீரகாவியம் எதுவும் இல்ல, ஆடு எத்தனை, கோதுமை எவ்வளவு, யாருக்கு எவ்வளவு நிலம், இது தான். ஆனா ஆள் பேர்கள் வருது பாருங்க, அங்க தான் மெய்சிலிர்க்கும். நோசஸ்ல 'அ-கி-ரெ-உ'ன்னு ஒரு ஆள், பைலோஸ்ல நிலக் கணக்குல 'எ-கோ-தோ', இன்னொரு வரியில 'தே-சே-உ', அவர் தெய்வத்தோட பணியாளர், குத்தகை நிலம் வச்சிருக்காருன்னு குறிச்சிருக்கு. அகிலியூஸ், ஹெக்டோர், தேசியூஸ்! காவிய நாயகர்கள் இல்ல, அதே பேர் வச்சிருந்த சாதாரண ஜனங்க. டிராய் இளவரசன் ஹெக்டரோட பேரை யாரோ கவிஞர் கதைக்காகப் புதுசா உண்டாக்கினாருன்னு இனிமே சொல்ல முடியாது, ஊர்ல புழங்கின பேரு தான் அது.

அந்த ஸ்பெல்லிங் ஏன் இப்படி இருக்குன்னு கேட்டா, லீனியர் பி-யில ஒலி எழுத்து எல்லாமே உயிர் இல்லன்னா உயிர்மெய் தான், மெய்யெழுத்தைத் தனியா எழுத வழியே கிடையாது. ஓலைச்சுவடியில புள்ளி வைக்காம எழுதின தமிழைப் படிச்சவங்களுக்கு இந்தக் கஷ்டம் நல்லாவே புரியும், இங்க அதை விட மோசம், சொல்லோட கடைசி மெய்யை எழுதவே மாட்டாங்க, 'ர'வுக்கும் 'ல'வுக்கும் ஒரே எழுத்து, 'க'வுக்கும் மூச்சோட சொல்ற 'க'வுக்கும் ஒரே எழுத்து. அதனால ஹெக்டோர் 'எ-கோ-தோ' ஆயிடுது. இவ்வளவு ஓட்டை இருக்குற எழுத்துல இருந்து பேரைக் கண்டுபிடிக்கிறதால சில பேர்ல சந்தேகம் எப்பவும் இருக்கும், ஆனா அகிலீஸ், ஹெக்டர் மாதிரி பேர்களைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏத்துக்கிட்டாங்க.

அர்த்தம்னு பார்த்தா ஹெக்டர் 'எக்கேன்' வினையில இருந்து வருது, பிடிச்சுக்கிறவன், தாங்குறவன். இலியட்ல டிராய்க்குத் துணையா வந்த சர்பேடன்ங்கிற லிசியா அரசன் ஹெக்டரைத் திட்டும்போது, படை இல்லாம, துணைக்கு வந்தவங்க இல்லாம, மச்சான்களையும் கூடப்பொறந்தவங்களையும் மட்டும் வச்சு ஊரைத் தாங்குவேன்னு சொன்னியேன்னு இந்த வினையை வச்சே குத்துறாரு. அகிலீஸ் அர்த்தம் இவ்வளவு தெளிவு இல்ல. 'ஆகோஸ்'னா துயரம், 'லாஓஸ்'னா மக்கள் அல்லது படை, ரெண்டும் சேர்ந்து மக்களுக்குத் துயரம் ஆனவன்னு ஒரு விளக்கம், அவர் கோவத்தால செத்த ஆட்களை நினைச்சா பொருத்தமா தான் இருக்கு. பழைய காலத்துல சொன்ன விளக்கம் வேற, 'கெய்லோஸ்'னா உதடு, தாய்ப்பால்ல உதடு வைக்காதவன், அதனால குரு கைரோன் வச்ச பேருன்னு. அது காதுல விழுற ஒலியை வச்சுப் பின்னாடி கட்டினதுன்னு பார்த்தாலே தெரியுது. கிரேக்கத்துக்கு முந்தின பேருன்னு சொல்றவங்களும் இருக்காங்க, ஏன்னா ஹோமர்லயே சில இடத்துல ஒரு லாம்ப்டா (கிரேக்க 'ல' எழுத்து), சில இடத்துல ரெண்டு லாம்ப்டான்னு யாப்புக்குத் தகுந்த மாதிரி மாறுது, ஒடிசியூஸ் பேர்ல சிக்மாவும், அதாவது 'ஸ' எழுத்தும் அப்படித்தான்.

வாடிகன்ல எக்ஸேகியாஸ் வரைஞ்ச ஜாடி ஒண்ணு இருக்கு, கி.மு. 540, 530 வாக்குல செஞ்சது. அகிலீஸும் ஐயாஸும் கவசத்தைக் கழட்டாம, ஈட்டியைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு உட்கார்ந்து பகடை மாதிரி ஏதோ பலகை ஆட்டம் ஆடுறாங்க. வாய்ல இருந்து வர்ற மாதிரி எழுதியிருக்கு, அகிலீஸ் 'நாலு'ங்கிறாரு, ஐயாஸ் 'மூணு'ங்கிறாரு. மேல 'அகிலேஒஸ்', 'ஐயாண்டோஸ்', அதாவது அகிலீஸோட, ஐயாஸோடன்னு வேற்றுமை உருபோட பேர், இவரோட உருவம் இதுன்னு அர்த்தம். அகிலீஸ் பேர்ல இங்க ஒரே ஒரு லாம்ப்டா தான், ஏன்னா அந்தக் காலத்து ஏதென்ஸ்ல இரட்டை மெய்யை ஒத்தையா எழுதுறது வழக்கம். உலகத்துலயே பேர் பெற்ற கிரேக்க ஜாடிகள்ல இது ஒண்ணு, இன்னைக்கு ஸ்பெல்லிங் செக் பண்ற ஆள் யாராவது பார்த்தா சிவப்புக் கோடு போடுவாங்க, ஆனா எழுதினவரு கணக்குல அது சுத்தமான எழுத்து.

ஐயாஸ் பேர்லயும் ஒரு காணாமப் போன எழுத்து உண்டு, டிகம்மா, 'வ' ஒலி. கொரிந்த் ஜாடிகள்ல 'ஐவாஸ்'னு எழுதியிருக்கு, எட்ருஸ்கன் மொழியில ஐவாஸ். அயோனியாவுலயும் ஏதென்ஸ்லயும் 'வ' உதிர்ந்து போச்சு. இவர் பேருக்கு பிண்டார்ங்கிற கவிஞர் கழுகோட சம்பந்தம் சொன்னாரு, 'ஐயெடோஸ்'னா கழுகு. சோஃபோக்ளீஸ் நாடகத்துல ஐயாஸே தன் பேரை நினைச்சு 'ஐயாய்'னு அழுவாரு, நம்ம 'ஐயோ' மாதிரி புலம்பல் ஒலி அது, என் பேரும் என் துன்பமும் இப்படி ஒத்துப் போகும்னு யார் நினைச்சாங்கன்னு கேப்பாரு. லத்தீன்ல ஐயாக்ஸ் ஆகி, இங்கிலீஷ்ல அஜாக்ஸ் ஆச்சு. ஆம்ஸ்டர்டாம் ஃபுட்பால் கிளப் பேரை அந்த ஊர்க்காரங்க 'ஆயாக்ஸ்'னு தான் சொல்வாங்க, அது லத்தீனுக்குப் பக்கம்.

மேல எட்ருஸ்கன்னு சொன்னேன், ரோமுக்கு வடக்குல இருந்த மக்கள், ஃபிரான்ஸ்வா ஜாடி கிடைச்சதும் அவங்க கல்லறைப் பக்கத்துல தான். கிரேக்க ஜாடிகளை ஆசையா வாங்கிக் கூடவே புதைச்சுக்கிட்டாங்க, வெண்கலக் கண்ணாடிகள் பின்னாடி கிரேக்கக் கதைகளைச் செதுக்கிப் பேரும் எழுதினாங்க. அவங்க மொழியில நம்ம எழுத்து மாதிரியே ப, த, க-வோட அதிர்வொலிக்கு, அதாவது இங்கிலீஷ் b, d, g-க்கு, தனி எழுத்துகள் கிடையாது, பேச்சுலயும் அந்த ஒலிகள் இல்ல, கூடவே முதல் அசையை அழுத்திச் சொல்லி நடு உயிர்களை முழுங்கிடுவாங்க. பாலிடியூகேஸ்ங்கிற பேர் அங்க 'புல்துகே', அதுல இருந்து லத்தீன் 'பொல்லுக்ஸ்', வானத்துல ஜெமினி கூட்டத்துல இருக்குற பொல்லுக்ஸ் நட்சத்திரம் இவர் தான். ஹெராக்ளீஸ் அங்க 'ஹெர்க்லே', லத்தீன் ஹெர்குலெஸ் அந்த வழியில வந்ததுன்னு சொல்றாங்க, ரோமானியர்கள் பேச்சுவாக்குல சத்தியம் பண்ணும்போது 'மெஹெர்க்லே'ம்பாங்க. ஹெர்குலிஸ்னு சொல்றவங்களைத் திருத்துறதுக்கு முன்னாடி இதை நினைச்சுக்கணும், அது இத்தாலி மண்ணுல ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல வாழ்ந்த பேர்.

லத்தீன்ல இருந்து இங்கிலீஷ் வர்ற வழி ஓரளவு ஒழுங்கு தான், கிரேக்க 'ஒஸ்' லத்தீன்ல 'உஸ்' ஆகும், 'ஓய்' ஒரு கூட்டெழுத்தாகி அப்புறம் வெறும் 'ஈ' ஆகும். ஓய்டிபூஸ்ங்கிற பேர் ஈடிபஸ் ஆனது அப்படித்தான். 'ஓய்டேஒ'னா வீங்குறது, 'பூஸ்'னா கால், ஆக்டோபஸ்ல இருக்குற அதே கால். கணுக்காலைத் துளைச்சு மலையில விட்ட குழந்தை, வீங்குன கால்காரன். சோஃபோக்ளீஸ் நாடகத்துல கொரிந்த்ல இருந்து வர்ற தூதுவன் இதை அவர் முகத்துக்கு நேராவே சொல்றான், 'ஓய்டா'னா எனக்குத் தெரியும்னும் அர்த்தம் வர்றதால எல்லாம் தெரிஞ்சவன், தன் காலைப் பத்தித் தெரியாதவன்னு ரெண்டும் அந்தப் பேருக்குள்ள உட்கார்ந்திருக்கு. ஜேசன் கதை சின்னது தான், இயாசோன் 'குணமாக்குறது'ங்கிற வினையோட ஒட்டுது, வைத்தியம் தெரிஞ்ச கைரோன் வளர்த்த பிள்ளைங்கிறதால பொருந்துது, 'ஐ'யும் 'ஜே'யும் ஒரே எழுத்தா இருந்து 16-ஆம் நூத்தாண்டுல தான் பிரிய ஆரம்பிச்சதால இ ஜ ஆச்சு. தமிழ்ல எழுதும்போது நான் என்ன பண்ணுவேன்னா, கிரேக்க நூலைப் பத்திப் பேசினா ஒடிசியூஸ், ஹெராக்ளீஸ்னு எழுதுவேன், ரோமானியக் கவிஞரைப் பத்திப் பேசினா யூலிசிஸ், ஹெர்குலிஸ்னு எழுதுவேன், ஒரே கட்டுரையில ரெண்டையும் கலந்து படிக்கிறவங்களைத் தவிக்க விட மாட்டேன்.

பிள்ளைகளுக்கு அப்பாவோட குணத்தைப் பேரா வைக்கிற வழக்கமும் இதுல இருக்கு. ஐயாஸ் கோபுரம் மாதிரி கேடயம் வச்சிருந்தவர், மகன் பேர் யூரிசாக்கேஸ், அகன்ற கேடயம். ஒடிசியூஸ் மகன் தெலெமாகோஸ், தூரத்துல போரிடுறவன், போனது அப்பா தான். ஹெக்டர் மகனுக்கு வச்ச பேர் ஸ்கமாண்டிரியோஸ், ஆனா ஊர்க்காரங்க அஸ்டியானாக்ஸ்னு கூப்பிட்டாங்க, நகரத்தோட தலைவன், ஏன்னா நகரத்தைக் காத்தது அவன் அப்பா ஒருத்தர் தான்னு ஹோமர் சொல்றாரு.

ஒரே ஒரு எழுத்து ஒரு பொண்ணோட குணத்தையே மாத்தின கதை க்ளிடெம்னெஸ்ட்ராவோடது. டிராய் போர்ல கிரேக்கப் படைக்குத் தலைவரா இருந்த அகமெம்னோனோட மனைவி, திரும்பி வந்த புருஷனைக் கொன்னவ. நமக்குப் பழக்கமான பேர்ல 'ம்' பக்கத்துல 'ன்' இருக்கு, அப்படி எழுதினா 'பெண் கேட்டு வர்றது'ங்கிற வினையோட ஒட்டி, பேர் போன மணப்பெண்ங்கிற மாதிரி ஆகுது. ஆனா பழைய ஜாடி எழுத்துகள்ல அந்த 'ன்' இல்ல, க்ளிடெமெஸ்ட்ரா தான், ஈஸ்கிலஸ் நாடகங்களோட முக்கியமான பழைய கையெழுத்துப் படியிலயும் இல்ல, எட்ருஸ்கன்ல வர்ற 'க்லுதுமுஸ்த'விலயும் இல்ல. 'ன்'னை எடுத்துட்டா திட்டம் போடுறதுங்கிற வினை வருது, திட்டம் போடுறதுல பேர் போனவ. கதைக்கு எது பொருந்துதுன்னு சொல்லவே வேண்டாம். பிற்காலத்துல படி எடுத்தவங்க கையில நுழைஞ்ச எழுத்து அது, இன்னைக்கும் பெரும்பாலான புத்தகத்துல அது தான் ஓடுது. எல்லா ஸ்பெல்லிங்கும் சாட்சி தான்னாலும் எல்லா சாட்சிக்கும் ஒரே எடை கிடையாது, இந்த இடத்துல நான் பழைய ஜாடி பக்கம் தான் நிப்பேன்.

கடைசியா பாரிஸ். ஹெலனைக் கூட்டிட்டுப் போன டிராய் இளவரசனுக்கு ரெண்டு பேர், பாரிஸ்னும் அலெக்ஸாண்ட்ரோஸ்னும், இலியட்ல ரெண்டாவது தான் அதிகம் வருது. பாரிஸ் கிரேக்கப் பேர் மாதிரி தெரியல, இன்னைக்குத் துருக்கி இருக்குற அனடோலியாவுல பேசின லூவிய மொழிப் பேர்களோட ஒப்பிடுறாங்க. அலெக்ஸாண்ட்ரோஸ் சுத்தக் கிரேக்கம், ஆட்களைக் காக்குறவன், மலையில மேய்ப்பர்களோட வளர்ந்தப்போ கொள்ளைக்காரங்க கிட்ட இருந்து மந்தையைக் காப்பாத்தினதால வச்ச பேருன்னு கதை. இதோட பெண்பால் வடிவம் மைசீனியில கிடைச்ச லீனியர் பி பலகையிலயே 'அ-ரெ-க-ச-த-ர'ன்னு இருக்கு. அதைவிடப் பெரிய விஷயம், கி.மு. 1280 வாக்குல அனடோலியாவை ஆண்ட ஹிட்டைட் பேரரசன் இரண்டாம் முவாட்டல்லி, வில்லுசாங்கிற நாட்டோட அரசன் ஒருத்தரோட ஒப்பந்தம் போட்டிருக்காரு, அந்த அரசனோட பேர் அலக்சாந்து. இலியோஸ்ங்கிற டிராயோட பேர்ல முன்னாடி ஒரு 'வ' இருந்துச்சு, விலியோஸ், அதே காணாமப் போன டிகம்மா தான். 1924-லயே அறிஞர்கள் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டாங்க, வில்லுசா தான் டிராய்னு இப்போ பெரும்பாலானவங்க ஏத்துக்கிறாங்க, அலக்சாந்து தான் பாரிஸ்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் கிடையாது, ஆனா அந்தப் பக்கத்து ராஜா ஒருத்தருக்குக் கிரேக்கப் பேர் மாதிரியே ஒண்ணு இருந்துச்சுங்கிறது களிமண்ல எழுதி இருக்கு. அந்தப் பேரை அப்புறம் மாசிடோனிய அரச குடும்பம் எடுத்துக்கிச்சு, அந்தக் குடும்பத்துல வந்த மகா அலெக்ஸாண்டர் சிந்து நதியைத் தாண்டியும் வந்தாரு, அரபு பேசுறவங்க முன்னாடி இருந்த 'அல்'லை இங்கிலீஷ் 'தி' மாதிரி அவங்க மொழியில வர்ற 'அல்'னு நினைச்சுப் பிரிச்சதால இஸ்கந்தர் ஆச்சு, அது பாரசீகம், உருது வழியா சிக்கந்தர் ஆச்சு, இன்னொரு பக்கம் கேரளா கிறிஸ்தவங்க வீட்டுல சாண்டி ஆச்சு.